அப்பத்தா உக்காந்து பாக்குற உயரத்துல: பொங்கலுக்கு எறக்குன 11 படத்த திரும்ப மாட்டுன அனுபவம்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறப்போ வருஷா வருஷம் எங்க வீட்டுல நடக்குறது தான், பட்டாசாலை சுவத்துல இருக்குற படம் எல்லாத்தையும் எறக்கி கட்டில்ல அடுக்கி மேல ஒரு பழைய சேலைய போட்டு மூடிருவோம், பெயிண்ட் காஞ்சதும் அதே ஆணில திரும்ப மாட்டிருவோம். மொத்தம் 11 படம். இந்த வருஷம் ஐயா, அதாவது அப்பாவோட அப்பா, படத்த எறக்கும்போது பின்னாடி இருந்த கம்பி துருப்பிடிச்சு அறுந்து, படம் கைய விட்டு நழுவி கட்டில் கால்ல பட்டு கண்ணாடி ரெண்டா விரிஞ்சிருச்சு. ஐயாவுக்கு இருக்குறதே அந்த ஒரு பெரிய படம் தான். அப்பா ஒண்ணும் சொல்லல, உடைஞ்ச கண்ணாடிய மட்டும் மெதுவா எடுத்து ஓரமா வச்சாரு.

கண்ணாடி மாத்துறதுக்காக பின்பக்க அட்டைய கழட்டுனப்போ தான் தெரிஞ்சுது உள்ள எவ்வளவு போயிருக்குன்னு. அந்தக் காலத்துல சட்டம் போடுற கடைல போட்டோவ அட்டைல மைதா பசை வச்சு தான் ஒட்டுவாங்க, அந்த பசைக்கு ராமபாணப் பூச்சி வந்து அட்டையோட சேத்து போட்டோ ஓரத்தையும் அரிச்சு வச்சிருக்கு. இடது பக்க கீழ் மூலைல ஐயாவோட வேட்டிக்கரை இருக்க வேண்டிய இடத்துல கடுகு கடுகா ஓட்டை. முகத்துக்கு இன்னும் ரெண்டு இன்ச் தான் பாக்கி. அத பாத்ததுக்கு அப்புறம் மிச்ச 10 படத்தையும் அப்படியே திரும்ப மாட்ட மனசு வரல. எல்லாத்தையும் பிரிச்சு பாத்துரணும்னு முடிவு பண்ணேன், அப்பாவும் சரின்னாரு. வேலை முடிய தை, மாசி ரெண்டு மாசம் ஆச்சு, ஞாயித்துக்கிழமையும் ராத்திரியும் மட்டும் தான் செஞ்சேன். யாராவது இதே வேலைய ஆரம்பிச்சா உதவும்னு எழுதுறேன்.

பிரேம பிரிக்கிறதுக்கு பெருசா எதுவும் வேண்டாம், ஒரு மூக்கு கொறடு, மழுங்குன கத்தி, மெத்துன்னு ஒரு பிரஷ் போதும். மேஜைல கெட்டியா போர்வைய விரிச்சு படத்த குப்புற வச்சு, சுத்தி இருக்குற சின்ன ஆணிங்கள மடக்காம நேரா இழுக்கணும், துருப்பிடிச்ச ஆணி தலை ஒடிஞ்சு போச்சுன்னா அத நோண்ட போயி தான் சட்டம் பொளந்துக்குது. ரெண்டு படத்துக்கு பின்னாடி வைக்கோலும் தேங்கா நாரும் அப்படியே ஒட்டியிருந்தது, குருவி கூடு கட்டுனது. முன்னெல்லாம் படத்த மேல் பக்கம் சாச்சு தானே மாட்டுவாங்க, அந்த இடுக்குல தான் குருவி கூடு வைக்கும், குஞ்சு பொரிச்சு பறக்குற வரைக்கும் ஐயா அந்த படத்துப் பக்கம் ஒட்டடைக் குச்சிய கொண்டு போக விட மாட்டாரு. அந்த வைக்கோல தொடச்சு எடுக்கவே எனக்கு கொஞ்ச நேரம் ஆச்சு.

ஒரு விஷயத்த அழுத்தி சொல்லணும். போட்டோ கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு இருந்தா தயவு செஞ்சு இழுத்து பிரிக்காதீங்க. கருப்பு வெள்ளை போட்டோல படம் இருக்குறது பேப்பர்ல இல்ல, பேப்பர் மேல இருக்குற ஜெலட்டின் பூச்சுல, அதுக்குள்ள தான் வெள்ளித் துகள் இருக்கு. ஈரம் பட்டா ஜெலட்டின் இளகி கண்ணாடில ஒட்டி அப்படியே காஞ்சிரும், அப்புறம் பேப்பர இழுத்தா முகம் கண்ணாடியோட நின்னுக்கும், வெறும் வெள்ளை பேப்பர் தான் கைக்கு வரும். எங்க வீட்டுல அப்பா அம்மா கல்யாண படம் ஒண்ணும், ஐயா தங்கச்சி படம் ஒண்ணும் இப்படி ஒட்டியிருந்தது. ரெண்டையும் தொடல. கண்ணாடியோடவே காப்பி எடுத்தேன்.

முதல்ல ஆபீஸ்ல இருக்குற ஆல் இன் ஒன் பிரிண்டர்ல கண்ணாடியோட வச்சு ஸ்கேன் பண்ணி பாத்தேன், மசமசன்னு வந்தது. அந்த மாதிரி சல்லிசான ஸ்கேனருக்கு தன்னோட கண்ணாடிய ஒட்டி இருக்குறது மட்டும் தான் ஷார்ப்பா தெரியும், போட்டோவுக்கு முன்னாடி 2 எம்எம் கண்ணாடி வந்ததும் ஃபோகஸ் போயிருது. அதனால போன்லயே எடுத்தேன். படத்த சுவத்துல சாச்சு, ரெண்டு பக்கமும் 45 டிகிரில ஒரே மாதிரி எல்இடி பல்பு, போன ஸ்டாண்டுல வச்சு கொஞ்சம் தள்ளி நிறுத்தி 2 மடங்கு ஜூம், கை படாம இருக்க 3 செகண்ட் டைமர். அப்பயும் கண்ணாடில போனும் என் சட்டையும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. சபரிமலைக்கு கட்டுற கருப்பு வேட்டி வீட்டுல இருந்தது, அத கொடிக்கயித்துல தொங்க விட்டு, நடுவுல இருக்குற இடுக்கு வழியா லென்ஸ் மட்டும் எட்டிப் பாக்குற மாதிரி செஞ்சதும் பிரதிபலிப்பு சுத்தமா போயிருச்சு. அம்மா கல்யாணத்துல கட்டியிருந்த கூறைப்பட்டோட கரை, இத்தனை வருஷம் தூசிக்கு பின்னால இருந்தது, அன்னைக்கு தான் எண்ணி பாக்குற அளவுக்கு தெரிஞ்சுது. அம்மாவ கூப்பிட்டு காட்டுனேன், ரொம்ப நேரம் போனையே பாத்துட்டு இருந்தாங்க.

சுவத்து படம் 11 தான், ஆனா இந்த வேலைல எறங்கினதும் அப்பத்தா அவுங்க டிரங்குப் பெட்டிய தொறந்து விட்டாங்க. அப்பத்தாவுக்கு 86 வயசு, காது கொஞ்சம் மந்தம், கண்ணு நல்லா தெரியும். பெட்டில கருப்பு அட்டை ஆல்பம் ஒண்ணு, பக்கத்துக்கு பக்கம் நடுவுல சிலந்தி வலை டிசைன் போட்ட எண்ணெய் பேப்பர், போட்டோவ நாலு மூலையிலயும் கார்னர்ல சொருகி வச்சது. அதுல இருந்ததெல்லாம் அருமையா இருக்கு, ஏன்னா பசையே கிடையாது. அதுக்கு பின்னால வந்த ஒட்டுற ஆல்பம் இருக்குல்ல, பிளாஸ்டிக் தாள தூக்கி போட்டோவ ஒட்டி மூடுறது, அதுல இருந்த கலர் போட்டோ தான் ரொம்ப மோசம், பசை மஞ்சளாகி போட்டோவ கவ்விக்கிச்சு. மெல்லிசு தங்கூசி நரம்ப போட்டோவுக்கு பின்னால விட்டு ரெண்டு கையால அறுக்குற மாதிரி மெதுவா இழுத்து இழுத்து தான் எடுத்தேன், ஒரு படத்துக்கு கால் மணி நேரம். வராததுங்கள பக்கத்தோட அப்படியே ஸ்கேன் பண்ணிட்டேன். 80கள்ல எடுத்த கலர் படமெல்லாம் செவந்து கிடக்குறதுக்கு காரணம் அதுல இருக்குற நீலப்பச்சை சாயம் முதல்ல மங்கிப் போறது தான், இருட்டுல பெட்டிக்குள்ள இருந்தாலும் மங்கும். ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியா லெவல் பண்ணா பாதிக்கு மேல திரும்பி வந்துருது.

கண்ணாடி இல்லாத போட்டோவெல்லாம் அதே ஆபீஸ் ஸ்கேனர்ல நல்லாவே வந்தது. சாதாரண போட்டோவுக்கு 600 டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு 600 புள்ளி, உள்ளங்கை சைஸ் சின்ன போட்டோவுக்கு 1200. கணக்கு ரொம்ப லேசு, பிரிண்ட் போட இன்ச்சுக்கு 300 புள்ளி வேணும், அப்போ 600ல எடுத்தா ரெண்டு மடங்கு, 1200ல எடுத்தா நாலு மடங்கு பெருசா போடலாம். பெட்டில சதுரமா 2¼ இன்ச்ல நிறைய இருந்தது, சித்தப்பா ஆக்ஃபா கிளிக் 3 கேமராவுல எடுத்ததெல்லாம், 120 ரோல்ல 12 படம் விழும், நெகட்டிவ பேப்பர் மேல வச்சு அதே சைஸ்ல பிரிண்ட் போட்டு தந்துருவாங்க. அளவு சின்னதா இருந்தாலும் உள்ள அவ்வளவு விவரம் இருக்கு, 1200ல எடுத்து 9 இன்ச்சுக்கு போட்டப்போ பின்னால திண்ணைல கிடக்குற ஒலக்கை வரைக்கும் தெரியுது. ரோலு ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்ல செஞ்ச இந்து ரோலா இருக்கும், மதுரைக்கு போறப்போ வாங்கி வந்து ஒரு ரோல ஆறு மாசம் வச்சு எடுப்பேன்னு சித்தப்பா சொன்னாரு.

இன்னொண்ணு, கருப்பு வெள்ளை போட்டோவா இருந்தாலும் கலர்லயே ஸ்கேன் பண்ணுங்க. காப்பி கறை, மஞ்சக் கறை எல்லாம் நீலத்துல தான் அடர்த்தியா விழும், சிவப்புல ரொம்ப மங்கலா தான் இருக்கும். அதனால கலர் ஸ்கேன ஜிம்ப்ன்னு போட்டோ திருத்துற சாஃப்ட்வேர்ல போட்டு மூணு நிறத்தையும் பிரிச்சு சிவப்ப மட்டும் எடுத்துக்கிட்டா கறை தானா காணாம போயிருது, ஒரு இடத்துலயும் கை வைக்க வேண்டியதில்ல. ஐயாவோட அண்ணன் கோட்டு போட்டு நிக்கிற படத்துல நெஞ்சு மேல பெரிய டம்ளர் வட்டம் இருந்தது, இப்படி தான் போச்சு. அந்த படத்தோட அட்டைல கீழ எழுத்து புடைப்பா அழுத்தியிருந்தது, மை கிடையாது, நேரா பாத்தா ஒண்ணும் தெரியல. லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச அட்டைக்கு பக்கவாட்டுல படுக்க வச்சு அடிச்சு பாத்தா நிழல் விழுந்து "பினாங்கு"ன்னு இங்கிலீஷ்ல படிக்க முடிஞ்சுது, மலேசியாவுல இருக்குற ஊரு, ஸ்டூடியோ பேரு தேஞ்சு போச்சு. அப்பத்தாகிட்ட கேட்டா, "ஆமாய்யா, நாகப்பட்டணத்துல ரஜூலா கப்பல்ல ஏறி போனவுக, இந்த ஒரு படத்த தான் தபால்ல அனுப்புனாக, பொறவு வரவே இல்ல"ன்னாங்க. அவரு பேரையே நான் அன்னைக்கு தான் முதல்ல கேக்குறேன், அப்பாவுக்கே அரைகுறையா தான் தெரிஞ்சிருக்கு. அப்போ தான் வேலையோட வரிசைய மாத்துனேன். பிரேமு, டிசைனு எல்லாம் பிறகு, முதல்ல தினம் சாயங்காலம் அப்பத்தா பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு படமா காட்டி யாரு, எங்க, எப்போன்னு கேட்டு எழுதணும்னு. இத சொல்ல அவுங்கள விட்டா எங்க குடும்பத்துல வேற ஆள் கிடையாது.

அப்பத்தா வருஷம் சொல்ல மாட்டாங்க, சம்பவம் சொல்வாங்க. அத நாம தான் வருஷமா மாத்திக்கணும். பூட்டி படம் அப்படி தான். பூட்டின்னா அப்பத்தாவோட அம்மா. மர நாற்காலில உக்காந்திருக்காங்க, காதுல தண்டட்டி, தல லேசா ஒரு பக்கம் சாஞ்சு, கண்ணு மட்டும் நல்லா தொறந்து நேரா பாக்குது. சின்ன வயசுலருந்தே அந்த பார்வைல ஏதோ ஒரு மாதிரி இருக்கும், எனக்கு சொல்ல தெரியாது. 1200ல ஸ்கேன் பண்ணி பெருசாக்கி பாத்தப்போ புரிஞ்சுது. கண்ணு போட்டோவுல விழுந்த கண்ணு இல்ல, பிரஷ்ல வரைஞ்சது. இமைக்கோடு மேல மெல்லிசா ஒரே இழுப்பு, கருவிழிக்கு ஒரு புள்ளி, அதுல வெளிச்சத்துக்கு வெள்ளைல இன்னொரு துளி புள்ளி. அதுக்கு அடியில மூடியிருக்குற இமையோட நிழல் லேசா தெரியுது.

அப்பத்தாகிட்ட கேக்கவே தயக்கமா இருந்தது, கேட்டேன். அவுங்க சாதாரணமா சொன்னாங்க, "செத்ததுக்கு அப்புறம் எடுத்தது தான்யா. உசுரோட இருக்கையில ஒரு படம் கூட எடுக்கல. தனுஷ்கோடி புயல் அடிச்சுச்சே மார்கழில, அதுக்கடுத்த மாசில போனாக. குளிப்பாட்டி உக்கார வச்சு எடுத்தாக, கண்ண ஸ்டூடியோக்காரரு போட்டு தந்தாரு." தனுஷ்கோடி புயல் 1964 டிசம்பர் 22 ராத்திரி, அப்போ பூட்டி இறந்தது 1965 மாசி. நம்ம ஊர் பக்கம் அப்படி எடுக்குற வழக்கம் இருந்துச்சுன்னு கேள்விப்பட்டிருக்கேன், எங்க வீட்டு சுவத்துலயே இருந்தது தெரியாது. இந்த படத்த ஹால்ல மாட்டலாமா வேண்டாமான்னு வீட்டுல பேச்சு வந்தது, என் மனைவிக்கு குழந்தை பயப்படுமோன்னு ஒரு யோசனை. அப்பத்தாகிட்டயே விட்டுட்டோம். "எங்காத்தாவுக்கு வேற மொகம் கிடையாதுய்யா, வை"ன்னாங்க. வச்சாச்சு.

இங்க தான் அந்த ஆப் விஷயத்த சொல்லணும். போன்ல ஒரு பட்டன அமுக்குனா பழைய போட்டோவ பளிச்சுன்னு ஆக்கித் தர்ற ஆப் நிறைய வந்திருக்குல்ல, பூட்டி படத்த ஒண்ணுல போட்டு பாத்தேன். அது அந்த ஸ்டூடியோக்காரர் வரைஞ்ச கண்ண அழிச்சுட்டு, வழவழன்னு வேற யாரோ ஒரு பொம்பளையோட கண்ண வச்சு குடுத்துச்சு, கன்னத்து சுருக்கம் போச்சு, உதட்டுல சின்னதா ஒரு சிரிப்பு வேற. ஐயா படத்துக்கும் அதே கதை, அவருக்கு முன்பல் ஒண்ணு ஏறி நிக்கும், அத வரிசையா ஆக்கிருச்சு. அப்பத்தாகிட்ட காட்டுனா "இது யாருய்யா"ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல எனக்கு வேற சான்று வேண்டியதில்ல. மங்கலா இருந்தாலும் பரவால்ல, அவுங்க முகம் அவுங்க முகமாவே இருக்கட்டும். கிழிசல், ஓட்டை, பூஞ்சைப் புள்ளி இத மட்டும் ஜிம்ப்ல ஹீல் டூல வச்சு கையால ஒண்ணொண்ணா அடைச்சேன், அதுவும் தனி லேயர்ல, முகத்துக்குள்ள போகவே இல்ல. பூட்டி கண்ணுல இருக்குற பிரஷ் கோடு அப்படியே இருக்கு. ஐயா படத்துக்கு மட்டும் நாலு ராத்திரி ஆச்சு, அந்த வேட்டிக்கரைய இன்னொரு பக்க கரையிலருந்து எடுத்து எடுத்து வச்சு.

பிரிண்ட் போட்டதுல முதல் தடவை பணம் வீணாச்சு. மதுரைல ஒரு லேப்ல குடுத்தேன், பேரு வேண்டாம், பழைய போட்டோவோட நீள அகலம் இப்ப இருக்குற பேப்பர் சைஸுக்கு ஒத்து வராது, மெஷின் தானா வெட்டிக்கிச்சு. குரூப் போட்டோல தரையில உக்காந்திருக்குற பிள்ளைங்களுக்கு கால் இல்ல, பின்னால நிக்கிற பெரியப்பாவுக்கு உச்சந்தலை இல்ல. போதாததுக்கு ஆட்டோ கரெக்ஷன் போட்டு கருப்பு வெள்ளை எல்லாம் லேசா பச்சை அடிச்சிருந்தது. ரெண்டாவது தடவை நானே 12க்கு 18 இன்ச்சுக்கு ஒரு வெள்ளைத் தாள் மாதிரி கம்ப்யூட்டர்ல செஞ்சு, அதாவது 3600க்கு 5400 புள்ளி, அதுக்குள்ள ரெண்டு மூணு படத்த அதோட உண்மையான அளவு விகிதத்துல அடுக்கி, சுத்தி வெள்ளை ஓரம் விட்டு குடுத்தேன். மேட் பேப்பர், கரெக்ஷன் வேண்டாம்னு கவர் மேலயே பெருசா எழுதிட்டேன். நல்லா வந்தது, ஒரு ஷீட்டுலயே மூணு படம் போனதுல செலவும் கொறைஞ்சுது. வீட்டுல வந்து இரும்பு ஸ்கேல் வச்சு வெட்டிக்கிட்டேன். சுவத்துக்கு போறது எல்லாமே இந்த காப்பி தான், ஒரிஜினல் ஒண்ணு கூட வெளிச்சத்துல இல்ல. அதெல்லாம் பேப்பர் கவர்ல தனித்தனியா போட்டு தகர டப்பால, பீரோ நடுத்தட்டுல. பாலித்தீன் கவரும் வேண்டாம், அந்துருண்டையும் வேண்டாம், சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போதும்.

பிரேமுக்கு பழைய தேக்கு சட்டம் ஏழு நல்லா இருந்தது, உப்புத்தாள் போட்டு தேச்சு பாலிஷ் மட்டும் அடிச்சேன். மிச்சத்துக்கு கடைல புதுசா போட்டோம். கடைக்காரர் நல்ல மனுஷன், லேமினேஷன் போட்டா கண்ணாடியே வேண்டாமே, வெயிட்டும் இருக்காதேன்னு சொன்னாரு, லேமினேஷன்ல போட்டோவ பலகைல ஒட்டிருவாங்க, பின்னால எழுத, பிரிச்சு பாக்க வழியே இல்ல, அதனால வேண்டாம்னு சொல்லிட்டேன். கேட்டு வாங்குனது ஒண்ணே ஒண்ணு தான், போட்டோவுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மவுண்ட் போர்டு, நடுவுல ஜன்னல் மாதிரி வெட்டுன கெட்டி அட்டை. பாக்க அழகா வெள்ளை ஓரமா தெரியும், ஆனா அது வைக்கிறதோட முக்கியமான பலன் போட்டோ கண்ணாடிய தொடாது, திரும்ப ஒட்டிக்கிற பேச்சே இல்ல. மைதா பசை கூடவே கூடாது, போட்டோ மேல் ஓரத்துல மட்டும் ரெண்டு பேப்பர் துண்ட கதவு கீல் மாதிரி வச்சு தொங்க விட சொன்னேன்.

அடுத்து சுவரு. இதுல தான் ரொம்ப யோசிக்க வேண்டி வந்தது. எங்க வீட்டு வழக்கம், இறந்தவுங்க படம் தெக்கு சுவத்துல வடக்க பாத்து இருக்கணும், முன்னோர தென்புலத்தார்ன்னு தானே சொல்றோம். உயிரோட இருக்குறவுங்க படம் அதுல கலக்க கூடாது, அதுக்கு கிழக்கு சுவரு. ஆனா அந்த தெக்கு சுவத்துக்கு அந்தப் பக்கம் பாத்ரூம், சுவரு ஓதம் காக்குது. படமெல்லாம் பூஞ்சை பிடிச்சு கண்ணாடியோட ஒட்டுனதுக்கு காரணமே அது தான். ஈரம் சுவத்துக்குள்ளருந்து வருதா இல்ல வீட்டு காத்துலருந்து படியுதான்னு பாக்க ஒரு வழி இருக்கு, ஒன்றரை அடி சதுரத்துக்கு பாலித்தீன் தாள நாலு பக்கமும் டேப் போட்டு சுவத்துல ஒட்டி ரெண்டு நாள் விடணும். தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருந்தது, அப்போ சுவத்துலருந்து தான். பாத்ரூம் டைல்ஸ் இடுக்க எல்லாம் சொரண்டி எபாக்ஸி வச்சு அடைச்சோம், ஈரம் நல்லா கொறைஞ்சுது, முழுசா போகல.

வழக்கத்த மாத்தவும் அப்பாவுக்கு மனசில்ல, ஈரச் சுவத்துல மாட்டவும் எனக்கு மனசில்ல. ஒரு நாள் பழைய சுவத்த பாத்துட்டு இருந்தப்போ தான் தோணுச்சு, முன்ன இருந்தவுங்க படத்த கீழ ஒரு மரச்சட்டத்துல நிறுத்தி மேல கயித்துல சாச்சு மாட்டுனது சும்மா இல்லன்னு. நிமிந்து பாக்குறவுங்களுக்கு படம் நேரா தெரியும், விளக்கு வெளிச்சம் கண்ணாடில பட்டு கண்ணுல அடிக்காது, முக்கியமா பின்னால காத்து போகும். ஓட்டு வீடு, சுண்ணாம்பு சுவரு, மழைக்காலம் எல்லாத்தையும் பாத்து தான் செஞ்சிருக்காங்க. நாம தான் சிமெண்டு வீடு கட்டுனதும் படத்த சுவத்தோட சப்புன்னு ஒட்ட ஆரம்பிச்சோம்.

அதனால ஆசாரிகிட்ட சொல்லி ரெண்டு ரீப்பர், அதாவது நீளமான மரச்சட்டம், வாங்கிட்டு வந்தேன், மேல போறது 1½ இன்ச் கனம், கீழ போறது ½ இன்ச். கரையானுக்கு மருந்து அடிச்சு, பெயிண்டும் அடிச்சு, சுவத்துல படுக்கைவாட்டுல ரெண்டடிக்கு ஒரு ஸ்க்ரூ. 6 எம்எம் பிட்டால துளை போட்டு, உள்ள இருக்குற தூள ஊதி எடுத்துட்டு பிளாஸ்டிக் பிளக் அடிச்சு ஸ்க்ரூ. தூள எடுக்காம பிளக் அடிச்சா பாதில நின்னுக்கும், துளை போடும்போது கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கோங்க, சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் துளை போடவே போடாதீங்க, வயர் பைப் அப்படி தான் எறங்கும். படம் மேல் ரீப்பர்ல கொக்கில தொங்குது, கீழ் ஓரம் கீழ் ரீப்பர்ல சாஞ்சு நிக்குது, தானா ஒரு சாய்வு கிடைச்சிருச்சு. கீழ் ரெண்டு மூலையிலயும் பழைய சைக்கிள் டியூப்ப காசு அளவுக்கு வெட்டி ஒட்டியிருக்கேன், படம் நகராது, சத்தமும் வராது. மார்ச் கடைசில ஒரு மழை பெஞ்சப்போ படத்துக்கு பின்னால கைய விட்டு பாத்தேன், சுவரு லேசா சில்லுன்னு இருந்தது, படத்தோட அட்டை நல்லா காஞ்சே இருந்தது.

உயரம் தான் நான் ரொம்ப அக்கறையா செஞ்சது. கேலரில எல்லாம் படத்தோட நடு தரையிலருந்து 57லருந்து 60 இன்ச் உயரத்துல வர்ற மாதிரி வைப்பாங்க, நின்னு பாக்குறவுங்க கண்ணுக்கு. ஆனா எங்க வீட்டுல இந்த படத்த நின்னு பாக்குறது யாரு? நாங்க எல்லாம் வேலைக்கு போற அவசரத்துல தாண்டிப் போறவுங்க. நாள் பூரா அங்க இருக்குறது அப்பத்தா, அவுங்க நாற்காலில உக்காந்தா கண்ணு உயரம் 43 இன்ச், டேப் வச்சு அளந்தேன். என் பொண்ணுக்கு 7 வயசு, அவ நின்னா அவ கண்ணும் அதே 43 தான். அதனால அப்பத்தாவோட சொந்தபந்தம் இருக்குற வரிசைய அந்த உயரத்துல வச்சு, பெரிய படங்கள அதுக்கு மேல கொண்டு போனேன். துளை போடுறதுக்கு முன்னாடி தினத்தந்திய ஒவ்வொரு பிரேம் அளவுக்கும் வெட்டி, மேல பேர எழுதி மாஸ்கிங் டேப்ல சுவத்துல ஒட்டி மூணு நாள் விட்டுட்டோம். வீட்டுல ஆளாளுக்கு போற வர்றப்ப மாத்தி மாத்தி ஒட்டுனாங்க. படத்துக்கு படம் ரெண்டு இன்ச் இடைவெளி, மூணாவது நாள் யாரும் எதையும் மாத்தல, அப்போ துளை போட்டேன்.

கிழக்கு சுவத்துல அம்மா அப்பா கல்யாணம், அத்தை பூ ஜடை பின்னி கண்ணாடில பின்னால ஜடை தெரியுற மாதிரி எடுத்துக்கிட்ட படம், சித்தப்பா குப்புற படுத்து தலைய தூக்கி பாக்குற குழந்தைப் படம். அத்தை சிவகங்கைலருந்து வந்தப்போ அந்த ஜடை படத்த பாத்துட்டு, அந்த ஜடைக்கு தாழம்பூ வாங்க ஐயா சைக்கிள்ல எவ்வளவு தூரம் போனாருன்னு சொல்லி சொல்லி அழுதாங்க. அதையும் எழுதி வச்சிருக்கேன்.

எழுதுறத பத்தி சொல்லிர்றேன். பழைய பேப்பர் போட்டோவுக்கு பின்னால பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் புடைச்சு தெரியும், மையும் ஊறும். 4பி பென்சில்ல ஓரமா லேசா எழுதலாம். கலர் போட்டோவுக்கு பின்னால பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், பென்சில் நிக்காது, அதுக்கு போட்டு வைக்கிற கவர்ல எழுதிட்டேன். சுவத்துல இருக்குற பிரேம் பின்னாலயும் ஒரு வெள்ளைத் தாள ஒட்டி யாரு, அப்பத்தாவுக்கு என்ன முறை, எந்த ஊரு, எப்போ, யாரு சொன்னது, என்னைக்கு எழுதுனதுன்னு ஆறு வரி.

குரூப் போட்டோல 14 பேரு. 13 பேர அப்பத்தா சொல்லிட்டாங்க. பின் வரிசைல வலது ஓரத்துல கைல குழந்தைய வச்சுக்கிட்டு நிக்கிற ஒரு பொண்ணு மட்டும் யாருன்னு தெரியல, "மொகம் தெரியுதுய்யா, பேரு வர மாட்டேங்குது"ன்னு நாலு தடவை சொல்லிட்டாங்க. அந்த எடத்த கோடு போட்டு காலியா விட்டு, படத்த அவுங்க நாற்காலிக்கு நேரா கீழ் வரிசைல மாட்டுனேன். பங்குனி பொங்கல் முடிஞ்சு ஒரு நாள் காலைல முருங்கைக்கீரை உருவிட்டு இருந்தவுங்க என்னைய கூப்பிட்டு, "ஏய்யா, அது நம்ம பரமக்குடி சின்னாத்தா மக, இடுப்புல இருக்குறது அவ பிள்ளை இல்ல, உங்கப்பன்"ன்னாங்க. அப்பாவ கூப்பிட்டேன். அவரு கிட்ட போயி கண்ணாடிய கழட்டி சட்டைல தொடச்சு போட்டுக்கிட்டு பாத்தாரு. அவரோட குழந்தைப் படம்னு வீட்டுல ஒண்ணு கூட கிடையாதுன்னு தான் இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருந்தோம்.

படத்த எறக்கி, பின்னால காலியா விட்ட எடத்துல ரெண்டு பேரயும் எழுதி, தேதி போட்டு, திரும்ப மாட்டுனேன்.